கருப்பொருட் பந்தல்

கருப்பொருட் பந்தல் என்பது, இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத் தலைநகரான கொல்கத்தாவில் துர்கா பூசையை முன்னிட்டு ஆண்டுதோறும் எழுப்பப்பட்டு, பூசை முடிந்ததும் பிரிக்கப்படும் தற்காலிகக் கட்டிடம் ஆகும். ஓவியர், சிற்பி, வடிவமைப்பாளர், பந்தல் ஒப்பந்தக்காரர், மூங்கில் தொழிலாளர், மின்விளக்கு அமைப்போர் ஆகிய பலரும் ஏதேனும் ஒரு கருப்பொருளை எடுத்துக்கொண்டு, அதற்கேற்பக் கட்டிடம், தெய்வ உருவம், ஒளி, ஒலி ஆகிய அனைத்தையும் ஒருங்கே அமைப்பது இதன் சிறப்பியல்பு ஆகும். வங்காளிகள் இதனைத் "தீம் பூசை" என்றே அழைக்கின்றனர். பழைய முறைப்படி நடத்தப்படும் பூசை "சாபேக்கி" எனப்படுகின்றது.

கொல்கத்தா நகரில் மட்டும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுப் பூசைப் பந்தல்கள் அமைக்கப்படுகின்றன. இவற்றுள் ஒரு பகுதியே கருப்பொருட் பந்தல்கள் எனினும், நகருக்கு வெளியிலிருந்து மக்களை ஈர்ப்பவை பெரும்பாலும் இவையே. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் யுனெசுக்கோ நிறுவனம் "கொல்கத்தாவின் துர்கா பூசை" என்பதை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

பெயர்

"பந்தல்" என்பது தமிழ்ச் சொல். ஆங்கிலேயர் காலத்தில் இது ஆங்கிலத்துக்குச் சென்று "பாண்டல்" ஆனது. இந்திய ஆங்கிலத்தின் வழியாக வங்காள மொழியில் "பேண்டேல்" என வழங்குகிறது. எனவே கொல்கத்தாவில் நாள்தோறும் புழங்கும் இச்சொல் தமிழருக்கு அயற்சொல் அன்று.

பழந்தமிழ் இலக்கியங்களில் இச்சொல் "பந்தர்" என்ற வடிவில் காணப்படுகிறது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம் நீல மேற்கட்டியின் கீழ் முத்துக்களால் அணிசெய்யப்பட்ட பந்தரில் நடைபெறுவதாகக் கூறப்பட்டுள்ளது. வெவ்வேறு நாட்டுக் கைவினைஞர்கள் கூடி ஒரே கட்டிடத்தைச் செய்தல் என்பதும் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில், மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மியர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞருடன் சேர்ந்து புகார் நகரச் சோலையில் ஒரு மண்டபம் அமைத்த செய்தி வருகின்றது.

வரலாறு

வங்காளத்தில் துர்கா பூசை தொடக்கத்தில் நிலக்கிழார்களும் செல்வந்தர்களும் தம் இல்லங்களில் நடத்திய விழாவாகவே இருந்தது. வீட்டின் உள்முற்றத்தை ஒட்டிய "தாக்கூர் தாலான்" என்னும் நிரந்தர மண்டபமே பூசையிடம். எனவே பந்தலுக்குத் தேவை எழவில்லை. ஊக்லி மாவட்டத்துக் குப்திபாடாவில் 1790ஆம் ஆண்டளவில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து பணம் திரட்டிப் பூசை நடத்தியதிலிருந்து "பாரோவாரி" (பன்னிரு நண்பர்) பூசை தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அனைவரும் பங்குகொள்ளும் "சர்வஜனீன்" பூசைகள் கொல்கத்தாவின் தெருக்களிலும் திடல்களிலும் தோன்றின. வீட்டை விட்டுத் தெய்வம் தெருவுக்கு வந்த பின்னரே அதற்கு ஒரு கூரை தேவைப்பட்டது. பந்தற் கட்டிடக்கலையின் தொடக்கத்தை இங்கிருந்துதான் கணக்கிட வேண்டும்.

நெடுங்காலம் பந்தல் என்பது மூங்கிற் சட்டகத்தின் மீது வண்ணத் துணியை மடிப்பு மடிப்பாகத் தைத்து அமைப்பதாகவே இருந்தது. பின்னர் புகழ்பெற்ற கோயில்கள், அரண்மனைகள் ஆகியவற்றின் தோற்றத்தைத் துணியிலும் ஒட்டுப்பலகையிலும் செய்து காட்டும் வழக்கம் வந்தது. தென்னிந்தியக் கோபுரங்களும் இவ்வாறு பலமுறை கொல்கத்தாவில் எழுந்துள்ளன.

தெய்வ உருவத்தில் மாற்றம் இதற்கு முன்னரே தொடங்கிவிட்டது. துர்க்கையும் அவளுடைய நான்கு பிள்ளைகளும் ஒரே பின்சட்டத்தில் அமைவது "ஏக்சாலா" என்னும் மரபு. 1930களில் குமார்துலியைச் சேர்ந்த சிற்பி கோபேசுவர் பால் இச்சட்டத்தைப் பிரித்து உருவங்களைத் தனித்தனியாக அமைத்தார். இவர் 1924இல் இலண்டன் வெம்பிளியில் நடந்த பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சிக்குச் சென்று வந்தவர்.

1970களின் நடுப்பகுதியிலிருந்து பவானிப்பூர் பகுதியில் உள்ள பகுல்பாகன் சர்வஜனீன் குழு, குமார்துலிக் குயவர்களை விடுத்து நவீன ஓவியர்களையும் சிற்பிகளையும் கொண்டு துர்க்கை உருவத்தைச் செய்வித்தது. நீரத் மஜும்தார், பரிதோஷ் சென், மீரா முகர்ஜி போன்றோர் இப்பணியில் ஈடுபட்டனர். எனினும் இவர்களது பணி பெரும்பாலும் சிலையோடு நின்றது. சிலையைச் சுற்றியிருந்த கூடம் வழக்கமான துணிப்பந்தலாகவே இருந்தது.

1985ஆம் ஆண்டில் ஏசியன் பெயிண்ட்சு நிறுவனம் "சரத் சம்மான்" என்னும் பரிசை ஏற்படுத்தியது. எது பெரிய பூசை என்பதைவிட எது சிறந்த பூசை என்ற போட்டி இதனால் உருவானது. கையில் பணம் குறைவாக இருந்த சிறிய குழுக்களுக்கும் பரிசு பெறும் வாய்ப்பு கிடைத்ததே கருப்பொருட் பந்தல் வளர முக்கியக் காரணம் எனலாம். வேறு பல நிறுவனங்களும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சிகளும் அடுத்தடுத்துப் பரிசுகளை அறிவித்தன.

2001ஆம் ஆண்டு தெற்குக் கொல்கத்தாவில் போசுபுகுர் சீதளா மந்திர் குழுவுக்காகப் பந்தன் ராகா அமைத்த பந்தல் ஒரு திருப்புமுனையாகக் குறிப்பிடப்படுகிறது. தேநீர்க் கடைகளில் குடித்துவிட்டு எறியப்படும் சிறு மண்குவளைகளைக் (வங்காளத்தில் "பாண்ட்") கொண்டு முழுப் பந்தலும் அமைக்கப்பட்டது. அதன் பின்னர் வளையல், தீக்குச்சி, பிசுக்கோத்து, சணல், இசைத்தட்டு எனக் கையில் அகப்பட்ட எல்லாவற்றிலும் பந்தல் கட்டும் போக்கு சில ஆண்டுகள் நகரெங்கும் பரவியது. இவற்றுள் பல வெறும் வியப்புக்காகச் செய்யப்பட்டவையே. ஆயினும், விலையுயர்ந்த பொருள் இல்லாமலேயே கட்டிடம் அமைக்கலாம் என்பதை இவை எடுத்துக்காட்டின.

கட்டும் முறை

பந்தல் வேலை முறைப்படி "கூண்டி பூசை"யுடன் தொடங்குகிறது. "கூண்டி" என்றால் கம்பம். பெரும்பாலும் தேர்த்திருவிழாவான ரத யாத்திரையை ஒட்டி, அதாவது பூசைக்கு மூன்று மாதங்களுக்கு முன்னர், ஒரு மூங்கிலை நட்டு வழிபடுவர். திருமணத்துக்கும் கோயில் விழாவுக்கும் நம்மூரில் பந்தக்கால் நடுவதை ஒத்த சடங்கு இது.

இதற்கு முன்னரே கலைஞர் தமது எண்ணத்தைக் குழுவினரிடம் படமாகவோ சிறு மாதிரியாகவோ காட்டி ஒப்புதல் பெற்றிருப்பார். இடத்தின் அளவு பெரும்பாலும் ஒரு தெரு அல்லது இரு வீடுகளுக்கு இடைப்பட்ட சந்து. இரு புறமும் குடியிருப்புகளின் சன்னல்களும் மேலே மின்கம்பிகளும் இருக்கும். உள்ளே வாழ்பவர் வந்துபோக வழி விடவும் வேண்டும். இக்கட்டுப்பாடுகளே பல பந்தல்களின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. திறந்த திடலில் அமையும் பந்தல்களைவிட இத்தகைய நெருக்கடியான சந்துகளில் அமைந்தவையே கட்டிடக்கலை நோக்கில் கூடுதல் சிறப்புடையவை.

சட்டகம் மூங்கிலால் ஆனது. மூங்கில் உள்ளீடற்ற குழாய் வடிவம் கொண்டதாகையால் எடை குறைவு, வலிமை மிகுதி. ஆனால் ஆணி அடித்தாலோ துளையிட்டாலோ நார் வழியே பிளந்துவிடும். எனவே இணைப்புகள் அனைத்தும் கயிற்றாலும் துணிக்கீற்றாலும் கட்டப்படுகின்றன. இதில் இரண்டு நன்மைகள் உண்டு. இணைப்பு சற்று நெகிழ்ந்து கொடுப்பதால் காற்றின் வேகம் ஓரிடத்தில் குவியாது. பிரிக்கும்போது கட்டை அவிழ்த்தால் மூங்கில் சேதமின்றித் திரும்பக் கிடைக்கும். செங்குத்து, கிடைக் கம்பங்களால் அமைந்த கட்டங்களுக்குக் குறுக்கே சாய்வாக மூங்கில்களைக் கட்டி முக்கோணங்களாக்குவர். நாற்கரம் பக்கவாட்டு விசையில் சாயும், முக்கோணம் சாயாது என்னும் எளிய விதியே இங்கும் செயற்படுகிறது. மிகப் பெரிய அமைப்புகளில் இரும்புக் குழாய்களும் பயன்படுகின்றன.

சட்டகத்தின் மீது மரச்சட்டம், ஒட்டுப்பலகை, துணி, களிமண் பூச்சு, நார்ப்பொருட்கள் ஆகியன ஏற்றப்படும். இவ்வேலைக்கு மேதினிப்பூர் மாவட்டங்களில் இருந்து, குறிப்பாகக் காந்தி வட்டாரத்தில் இருந்து, தொழிலாளர் குழுக்கள் வந்து பந்தலடியிலேயே தங்கி வேலை செய்கின்றன. விளக்கு வேலைக்கு ஊக்லி ஆற்றங்கரையில் உள்ள சந்தன்நகர் பெயர்பெற்றது. முன்னாள் பிரெஞ்சுக் குடியேற்றமான அந்நகரின் விளக்குக் கலைஞர்கள், நம்மூரில் சீரியல் செட் எனப்படும் வரிசை விளக்குகளைக் கொண்டு நகரும் ஓவியங்களையே அமைத்துவிடுகின்றனர்.

பயன்பாட்டு நோக்கில் கருப்பொருட் பந்தல் ஒரு நடைபாதைக் கட்டிடம். திருமணப் பந்தலைப் போல மக்கள் இதனுள் அமர்வதில்லை. ஒரு வாயிலில் நுழைந்து, சில நிமிடங்களில் தெய்வத்தின் முன் வந்து, வேறொரு வாயிலில் வெளியேறுகின்றனர். இரவு முழுவதும் இந்த ஓட்டம் நிற்பதில்லை. வரிசை எங்கே திரும்ப வேண்டும், எங்கே ஒருவர் தயங்கி நிற்பார், தெய்வ முகம் எந்த அடியில் முதலிற் கண்ணிற் பட வேண்டும் என்பன முன்கூட்டியே கணிக்கப்படுகின்றன. ஒளிப்படம் எடுக்கும் கைப்பேசிகள் வந்தபின் மக்கள் நிற்கும் நேரம் கூடிவிட்டதால் இக்கணக்கும் மாறியுள்ளது.

பூசை முடிந்து உருவம் ஆற்றில் கரைக்கப்பட்ட சில நாட்களில் பந்தல் பிரிக்கப்படுகிறது. மூங்கில் ஒப்பந்தக்காரரிடம் திரும்பிவிடும். அலங்காரப் பகுதிகளைப் பின்னர் வரும் காளி பூசை, செகத்தாத்திரி பூசை ஆகியவற்றை நடத்தும் பிற ஊர்க் குழுக்கள் விலைக்கு வாங்கிச் செல்வதுண்டு. பரிசு பெற்ற சில துர்க்கை உருவங்கள் மட்டும் தெற்குக் கொல்கத்தாவின் இரவீந்திர சரோவர் ஏரிக்கரையில் அமைந்த காட்சிக்கூடத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கட்டிடங்களைப் பாதுகாக்க இடமில்லை. 2016ஆம் ஆண்டிலிருந்து, தேர்ந்தெடுக்கப்பட்ட உருவங்களைச் செம்சாலை வழியே ஊர்வலமாகக் கொண்டுசெல்லும் விழாவை மாநில அரசு தொடங்கியது. அங்கும் மக்கள் காண்பது தெய்வத்தை மட்டுமே.

யாருடைய படைப்பு?

கருப்பொருட் பந்தலில் நுழைவாயில் அருகே கலைஞரின் பெயர் எழுதப்பட்டிருக்கும். திரைப்படத்தில் இயக்குநர் பெயர் வருவது போன்றது இது. பவதோஷ் சுதார், சனாதன் திந்தா, சுசாந்த பால் முதலியோரின் பெயருக்காகவே மக்கள் பந்தலைத் தேடிச் செல்கின்றனர். இவர்களுள் பவதோஷ் சுதார் கொல்கத்தா அரசு கலை, கைவினைக் கல்லூரியில் பயின்றவர். சனாதன் திந்தா வடக்குக் கொல்கத்தாவின் அத்திபாகானில் உள்ள நளின் சர்க்கார் தெருப் பூசைக்காக அமைத்த பந்தல்கள் மூலம் அறியப்பட்டார். ஓவியக் கண்காட்சிக்கு ஒருபோதும் சென்றிராத மக்களும் இவ்வழியில் சமகாலக் கலையைக் காண்கின்றனர்.

மறுபுறம், கம்பத்தை எங்கே நட்டால் நிற்கும் என்பதை முடிவுசெய்பவர் பெரும்பாலும் பந்தல் ஒப்பந்தக்காரரின் மேத்திரியே. கட்டிடக் கலைஞருக்கும் பொறியாளருக்கும் உரிய வேலையில் பெரும்பகுதியை, பட்டம் பெறாத இக்கைவினைஞர்கள் தலைமுறை அனுபவத்தால் செய்து வருகின்றனர். ஓவியரின் படத்தில் வளைவாக இருப்பதை மூங்கிலில் எவ்வளவு வளைக்க முடியும் என்று சொல்லும் இவர்களே இணைப்படைப்பாளிகள். ஆயினும் இவர்கள் பெயர் பலகையில் வருவது அரிது. மேலைநாட்டு அருங்காட்சியக உலகில் ஓவியரும் கட்டிடக் கலைஞரும் இணைந்து செய்வதைப் பெருஞ்செய்தியாக எழுதுவோர், இங்கு ஒவ்வோர் ஆண்டும் நடக்கும் இக்கூட்டுழைப்பைக் கவனிப்பதில்லை.

கலை வரலாற்றாளர் தபதி குகா தாக்கூர்த்தா 2015இல் வெளியிட்ட நூலில் கொல்கத்தாப் பூசைகளை வழிபாடு, கலை, விளம்பரம் ஆகிய மூன்றுக்கும் இடைப்பட்ட ஒன்றாக விரிவாக ஆராய்ந்துள்ளார். யுனெசுக்கோவுக்கு அளிக்கப்பட்ட விண்ணப்பக் கோப்பும் இவரது தலைமையிலேயே உருவானது.

சில பந்தல்கள்

2007ஆம் ஆண்டு சால்ட் லேக் எஃப்.டி. பிளாக் குழுவினர் ஆரி பாட்டர் கதைகளில் வரும் ஆக்வார்ட்சு கோட்டையைப் பந்தலாக எழுப்பினர். கதாசிரியர் ஜே. கே. ரௌலிங்கும் வார்னர் பிரதர்சு நிறுவனமும் பதிப்புரிமை மீறல் என்று தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். இலாபநோக்கற்ற குழு என்பதால் இழப்பீடு விதிக்காத நீதிமன்றம், அவ்வாண்டுப் பூசை முடியும் வரை பந்தல் இருக்க இசைந்தது. சில நாட்களில் மறையப்போகும் ஒரு கட்டிடத்துக்கு எதிராக உலகப் புகழ்பெற்ற எழுத்தாளர் வழக்காடியது அப்போது பெரிதும் பேசப்பட்டது.

இலேக் டவுன் அருகே உள்ள சிறீபூமி விளையாட்டுக் கழகம் பெரும் கட்டிடங்களின் உருவைச் செய்வதில் பெயர் பெற்றது. 2017இல் பாகுபலி திரைப்படத்தின் மகிழ்மதி அரண்மனை, 2022இல் வத்திக்கான் புனித பேதுரு பேராலயம், 2024இல் திருப்பதி ஏழுமலையான் கோயில் ஆகியன இங்கு எழுந்தன. 2021இல் துபாயின் புர்சு கலீபா கோபுரத்தை ஏறத்தாழ 145 அடி உயரத்தில் அமைத்தபோது, விமான நிலையம் அருகில் இருப்பதால் அதன் சீரொளிக் காட்சி தமக்கு இடையூறாக இருப்பதாக விமானிகள் முறையிட்டனர். காட்சி நிறுத்தப்பட்டது. கூட்டம் அளவு மீறியதால் அட்டமியன்று பார்வையாளர் நுழைவும் தடைசெய்யப்பட்டது. இவ்வகைப் பந்தல்களில் கலைஞரின் சொந்தக் கற்பனைக்கு இடம் குறைவு என்ற விமர்சனம் உண்டு.

2020இல் பெகாலா பகுதியின் பரிசா கிளப் அமைத்தது இதற்கு நேரெதிரானது. கொரோனா ஊரடங்கின்போது நடந்தே ஊர் திரும்பிய புலம்பெயர் தொழிலாளரைக் கருப்பொருளாகக் கொண்டு, கையில் குழந்தையுடன் நடக்கும் ஏழைத் தாயாகத் துர்க்கை காட்டப்பட்டாள். கருத்தமைப்பு ரிந்து தாசு, சிற்பம் பல்லப் பௌமிக். அவ்வாண்டு கொல்கத்தா உயர்நீதிமன்றம் அக்டோபர் 19 அன்று எல்லாப் பந்தல்களையும் பார்வையாளர் நுழையக்கூடாத பகுதியாக அறிவித்துச் சிறு பந்தலுக்கு 5 மீட்டர், பெரிய பந்தலுக்கு 10 மீட்டர் தொலைவில் தடுப்பு வைக்க ஆணையிட்டது. நடந்து செல்வதற்கென்றே கட்டப்பட்ட கட்டிடங்களை மக்கள் தொலைவிலிருந்தும் ஒளிப்படங்களிலும் காண நேர்ந்தது.

பாதுகாப்பு

தற்காலிகக் கட்டிடம் என்பதால் ஆபத்தும் தற்காலிகமானது என்று கருதுவது தவறு. மூங்கில், துணி, காய்ந்த நார், மின்கம்பி, பெருங்கூட்டம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ் சேரும் இடம் இது. இந்தியாவில் பந்தல் தீவிபத்துக்களின் வரலாறு கொடியது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 23 அன்று அரியானா மாநிலம் தப்வாலியில் பள்ளி ஆண்டுவிழா நடந்த செயற்கைத் துணிப் பந்தல் தீப்பற்றி 400க்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் குழந்தைகள், உயிரிழந்தனர். 1997 சூன் 7 அன்று தஞ்சைப் பெருவுடையார் கோயில் குடமுழுக்கின்போது வேள்விச்சாலைப் பந்தலில் பற்றிய தீயிலும் அதையடுத்த நெரிசலிலும் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2004 சனவரியில் திருவரங்கத்தில் திருமண மண்டபத்து ஓலைப்பந்தல் எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இம்மூன்று நிகழ்வுகளிலும் தீயின் வேகத்துக்கு ஈடாக மக்கள் வெளியேற வழி இருக்கவில்லை.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் பந்தல்களுக்கும் தற்காலிகக் கட்டமைப்புகளுக்கும் ஐ.எஸ். 8758 என்னும் தனித் தரவிதியை வெளியிட்டுள்ளது. செயற்கை இழைத் துணிகளையும் கயிறுகளையும் தவிர்த்தல், மின்னோட்டமுள்ள கம்பிகளுக்கு அடியில் பந்தல் போடாதிருத்தல், போதிய வெளிவழிகளை அமைத்தல் போன்றவை இதில் வலியுறுத்தப்படுகின்றன. கொல்கத்தாவில் பந்தல் அமைக்கக் காவல்துறை, தீயணைப்புத் துறை, மாநகராட்சி, மின்வழங்கு நிறுவனம் ஆகியவற்றின் இசைவு தேவை. கலைஞர் குகை போன்ற இருண்ட ஒற்றை வழியைக் கேட்பதும், தீயணைப்பு அலுவலர் அதில் பக்கவழி வெட்டச் சொல்வதும் ஆண்டுதோறும் நடப்பவை. பக்கவழி வெட்டப்பட்டால் காட்சியின் அழுத்தம் குறையலாம். தப்வாலியையும் தஞ்சையையும் அறிந்தவர்கள் யார் பக்கம் நிற்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

தீயைப் போலவே நெரிசலும் கவலைக்குரியது. 2015இல் தேசப்பிரிய பூங்காவில் உலகிலேயே பெரியது என விளம்பரம் செய்யப்பட்ட 88 அடி துர்க்கை உருவத்தைக் காணத் திரண்ட கூட்டத்தைச் சமாளிக்க இயலாமல், பஞ்சமியன்றே காவல்துறை பார்வையை நிறுத்தியது. மழையும் ஒரு சிக்கல். பூசை பருவமழையின் இறுதிக்காலத்தில் வருவதால் கட்டுமானக் காலம் முழுவதும் மழைக்காலமே. 2025 செப்டம்பர் 23 அன்று பூசைக்குச் சில நாட்களே இருந்த நிலையில் பெய்த பெருமழையில் நகரம் மூழ்கியது. பெரும்பாலும் மின்சாரம் தாக்கிக் குறைந்தது 10 பேர் உயிரிழந்தனர். பல பந்தல்களுள் நீர் புகுந்தது.

பொருளாதாரம்

மேற்கு வங்காள அரசுக்காகப் பிரித்தானியப் பேரவை செய்வித்து 2021இல் வெளியான ஆய்வு, 2019ஆம் ஆண்டுத் துர்கா பூசையைச் சார்ந்த படைப்புத் தொழில்களின் மதிப்பை 32,377 கோடி ரூபாய் என்று கணித்தது. இது மாநில மொத்த உற்பத்தியில் 2.58 விழுக்காடு. பெரிய குழுக்களுக்கு முதன்மை வருவாய் விளம்பரங்கள். பந்தலுக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் கட்டப்படும் விளம்பரத் தட்டிகள் சில இடங்களில் பந்தலையே மறைத்துவிடுகின்றன. 2018இல் மாநில அரசு ஏறத்தாழ 28,000 குழுக்களுக்குத் தலா 10,000 ரூபாய் வழங்கத் தொடங்கியது. இத்தொகை 2024இல் 85,000 ஆகவும், 2025இல் 1,10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. பொதுப்பணத்தைப் பூசைக்குத் தருவது குறித்து நீதிமன்றங்களில் வழக்குகளும் நடந்துள்ளன.

பிற நகரங்களில்

இலண்டன் கென்சிங்டன் தோட்டத்தில் உள்ள செர்ப்பென்டைன் கலைக்கூடம் 2000ஆம் ஆண்டிலிருந்து பெரும்பாலான கோடைகளில் ஒரு தற்காலிக மண்டபத்தை அமைத்து வருகிறது. முதல் மண்டபத்தைச் சாகா ஆதித் வடிவமைத்தார். 2007இல் ஓவியரும் சிற்பியுமான ஓலாஃபர் எலியாசனும் கட்டிடக் கலைஞர் செட்டில் தோர்சனும், 2012இல் சீனக் கலைஞர் ஐ வெய்வெய்யும் எர்சோக் - டி மியூரான் நிறுவனமும் இணைந்து பணியாற்றினர். 2025இல் இப்பணி டாக்காவைச் சேர்ந்த மரினா தபசுமுக்குக் கிடைத்தது. ஒரு நகருக்கு ஆண்டுக்கு ஒன்று என்பது இலண்டன் கணக்கு. கொல்கத்தாவில் தெருவுக்கு ஒன்று.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய எடுத்துக்காட்டு சென்னையிலேயே உண்டு. ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் செருமானிய நாட்டு ஜி.எம்.பி. கட்டிடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பில் கட்டப்பட்ட புதிய சட்டமன்ற - தலைமைச் செயலக வளாகத்தை, 2010 மார்ச் 13 அன்று அப்போதைய பிரதமர் மன்மோகன் சிங் திறந்து வைத்தார். கட்டிடத்தின் குவிமாடம் அதற்குள் முடிவடையவில்லை. எனவே திரைப்படக் கலை இயக்குநரும் ஓவியருமான தோட்டா தரணி, திறப்பு விழாவுக்காக ஒரு தற்காலிகக் குவிமாடத்தை அமைத்தார். நாயகன், இந்தியன் ஆகிய படங்களுக்காகத் தேசிய விருது பெற்றவர் இவர். நிரந்தரக் கட்டிடத்தின் உச்சியில் திரைப்பட அரங்கு நின்ற இந்நிகழ்ச்சி அரசியலில் கேலிக்குள்ளானது. ஆனால் ஓவியர் ஒருவர் குறுகிய காலத்தில் கட்டிடக் கலைஞரின் வரைவை மாநகரின் நடுவே முழு அளவில் நிறுத்திக் காட்டியது கைத்திறன் நோக்கில் குறிப்பிடத்தக்கது. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் சட்டமன்றம் புனித சார்ச் கோட்டைக்கே திரும்பியது. ஓமந்தூரார் கட்டிடம் 2014 பெப்ரவரியில் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. அதே 2010ஆம் ஆண்டு சூன் 23 அன்று கோவை செம்மொழி மாநாட்டின் தொடக்கத்தில் "இனியவை நாற்பது" என்னும் பெயரில் சென்ற நாற்பது அலங்கார ஊர்திகளும் இவ்வகைக் கூட்டுழைப்பின் விளைவே.

தெருவளவில் நிலைமை வேறு. சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், மண்ணூர்பேட்டை, ஆவடி முதலிய இடங்களில் ஆடி மாதக் கூழ் வார்த்தலுக்கும் பிள்ளையார் சதுர்த்திக்கும் போடப்படும் பந்தல்கள் சவுக்குக் கம்பு, ஓலை அல்லது தகரம், சாமியானாத் துணி ஆகியவற்றாலான எளிய கொட்டகைகள். நுழைவில் வாழைமரமும் தென்னங்குருத்துத் தோரணமும், சில இடங்களில் விளக்குகளால் வரைந்த அம்மன் உருவமும் இருக்கும். பிள்ளையார் சதுர்த்தியில் போட்டி சிலையின் உயரத்தில்தான், பந்தலில் அன்று. திரைப்பட அரங்கமைக்கும் தச்சர்களும் 1850இல் தொடங்கப்பட்ட அரசு கவின்கலைக் கல்லூரியும் ஒரே நகரில் இருந்தும் இவர்களைத் தெருவிழாக் குழுக்களோடு சேர்க்கும் பரிசோ அமைப்போ சென்னையில் தோன்றவில்லை. தி. நகர் கிரி சாலையில் வங்காளிகள் சங்கம் நடத்தும் துர்கா பூசையை, கொல்கத்தாவுக்குச் செல்ல இயலாத சென்னைவாசிகள் நேரிற் காணலாம்.